விரல் நுனி

(எமது வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேசுவதற்கு ஏற்றதொரு பொருளைத் தெரிந்து கொள்ளுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். திருக்கேதீச்சரத்தின் பழம்பெருமையைப் பேசுவோமா, பாலாவித் தீர்த்தத்தின் சிறப்பைப் பேசுவோமா என்று இரண்டு மூன்று நாள் எண்ணினோம். அவற்றைப் பேசுதற்கு எம்மிலும் தகுதி வாய்ந்த பெரியோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றார்கள். ஆதலால் நாம் மிகச் சிறிய பொருளொன்றை எடுத்துக் கொண்டோம். அதன் நீளம் ஓரங்குலத்துக்கும் குறைவு. விரல் நுனியே அது.

விரல் நுனியைப் பற்றி ஒருவன் அரைமணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் ஐயா ஒருவர் புன்னகை செய்கின்றார். சென்ற ஆண்டு வரையில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

எமக்கு அண்ணன் முறையான ஒருவர் இத்தீவின் மீன்வாடியொன்றிலே வேலை செய்கின்றார். கணக்கும் எழுதுவார், வள்ளம் கரையேறும்போது கயிறும் பிடிப்பார், ஓய்ந்த நேரத்தில் வலையும் பொத்துவார். சோளகக் காற்றுத் தணிந்திருந்த ஒரு காலையில், கரைக்கு வந்த இயந்திர வள்ளத்தின் கயிறு அவருடைய வலக்கைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டது. அலை வள்ளத்தைப் பின்னுக்கு இழுத்தது. அவ்வளவுதான். விரலின் நுனி, நகத்தின் பாதியோடு சரிவாகத் துண்டாகி ஈரமணலில் விழுந்தது.

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நாம் அப்போது வாடியில் நின்றோம். துண்டை எடுத்தாயிற்று. "தம்பி, ஐஸ் அள்ளிப் போடு! பழுதாகாமல் கொண்டு போகலாம்" என்று யாரோ சத்தமிட்டார்கள். வாடியில் ஐஸுக்கா பஞ்சம்? மீன் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் ஐஸை அள்ளி ஒரு பையில் நிரப்பி, அதன் நடுவே அந்தத் துண்டைப் புதைத்தவர் வேறு யாருமல்லர், நாமே. பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் படிக்கின்றவர் என்று ஊரார் எம்மை நம்பினார்கள். நாமும் எம்மை நம்பினோம்.

தாம்போதியைக் கடந்து, ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொரு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மாலை சாய்ந்த பிறகு சத்திரவைத்தியர் முன் போய்ச் சேர்ந்தோம். அவர் பையைத் திறந்தார். துண்டு பெட்டியில் கிடந்த மீனைப்போல வெளுத்து விறைத்திருந்தது. அவர் எம்மைக் கடிந்து கொள்ளவில்லை. "ஐஸிலே நேராகப் போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். நாம் தலையசைத்தோம். துண்டை ஒரு புறம் வைத்துவிட்டார்.

முறையாகக் கொண்டு வந்திருந்தால் ஒட்ட வைத்திருக்கலாமா என்று பின்னர் அவரிடம் கேட்டோம். நக நடுவோடு போன துண்டிலே இரத்தக்குழாய்கள் ஒரு மில்லிமீட்டரிலும் மெலிந்தவை. எல்லாத் துண்டும் ஒட்டுவதில்லை. நீ கொண்டு வந்த விதத்தினால்தான் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆயினும் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லாமற் போயிற்று என்றார். அந்தச் சொல்லே எம்மை இம்மேடைக்கு அழைத்து வந்தது.

ஐஸ் செய்த குற்றம் யாது? உயிருள்ள தசையும் குழாயும் நீர் நிறைந்த கண்ணறைகளால் ஆனவை. ஐஸ் நேராகத் தொட்டால் அந்நீர் உறைந்து படிகமாகிக் கண்ணறைகளைக் கிழித்துவிடும். உருகிய நீரில் ஊறினாலும் தசை பழுதாகும். இறந்த மீனுக்கு இதனாற் கேடில்லை. அதனை எவரும் திரும்ப உயிர்ப்பிக்கப் போவதில்லை. விரலின் கதை அப்படியன்று. குளிர் வேண்டும், உறைதல் கூடாது. சுத்தமான துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து அதிலே துண்டைச் சுற்றவேண்டும். அதனை நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு வாயை இறுகக் கட்டவேண்டும். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ வைக்கவேண்டும். இவ்வளவே. விரலிலே பெருந்தசை இல்லாமையால், இவ்வாறு குளிரில் வைத்த துண்டு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும் என்பர். வெயிலில் கிடந்தால் அதற்கு வெகு முன்னரே கெட்டுவிடும். வைத்தியசாலை தொலைவிலுள்ள எம்போன்ற கரையோர மக்களுக்கு இக்கணக்கு முக்கியமானது.

நிற்க. நுனிதானே போயிற்று, விரல் இருக்கிறதே என்று சொல்வோர் உளர். அவர்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு ஈர்க்குகளை எடுத்து, நெருக்கமாகப் பிடித்து, கண்ணை மூடியிருக்கும் ஒருவரின் விரல் நுனியிலே மெல்லத் தொடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரமே இருந்தாலும் "இரண்டு" என்று சொல்லிவிடுவார். அதே ஈர்க்குகளால் முதுகில் தொடுங்கள். ஏறக்குறைய நாற்பது மில்லிமீட்டர் விலகும் வரையில் "ஒன்று" என்றே சொல்வார். வலையின் கண்ணியில் முடிச்சு விழுந்ததா இல்லையா என்று இருட்டிலும் அறிவது இந்த நுனி. எருக்கலம்பிட்டித் தாய்மார் பாய் இழைக்கும்போது ஓலையின் ஓரத்தைக் கண்ணாற் பார்க்கிறார்களா? நுனியாற் பார்க்கிறார்கள். வீணை வாசிப்பவருக்கும் விபூதி எடுப்பவருக்கும் அதுவே.

நகத்தையும் இகழ்தல் கூடாது. அது அழகுக்கு மட்டும் வைத்த ஓடன்று. முன்புறத்துச் சதையை நாம் ஒரு பொருளின்மேல் அழுத்தும்போது பின்னின்று தாங்கும் பலகை நகம். அது இல்லையேல் நிலத்தில் விழுந்த ஊசியை எடுக்க இயலாது. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும். முழு நகம் முளைக்க ஆறு மாதம் வரையிற் செல்லும். "நகம் போனால் முளைக்கும்" என்று கிழவிகள் சொல்வது உண்மையே. ஆயினும் அடியிலே நகம் பிறக்கும் மெல்லிய படுக்கை பழுதாகாமல் இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அதனாலேதான் நகம் நசுங்கி வந்தாற் சத்திரவைத்தியர் அப்படுக்கையை மயிரிழை போன்ற நூலால் தைத்து, கழன்ற நகத்தையே கழுவி மேலே மூடியாக வைத்துவிடுகிறார். நசுங்கிய நகத்தை வீட்டிலே பிடுங்கி எறிந்துவிட்டு வைத்தியசாலைக்குப் போவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

உறுப்பைத் திரும்ப அமைக்கும் வித்தை எம் முன்னோர் அறியாததன்று. சுசுருத சங்கிதையிலே அறுபட்ட மூக்குக்குக் கன்னத்துத் தோலிலிருந்து மூக்கு அமைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. இலையொன்றால் அளவெடுத்து, அந்த அளவுக்குத் தோலை அடியோடு அறுத்துவிடாமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி எடுத்துத் திருப்பிப் பொருத்துவது அது. அவ்வாறு ஒட்டியிருக்கும் பக்கத்தால் இரத்தம் ஓடும். தோல் உயிரோடு இருக்கும். இன்றைக்கு விரல் நுனியிலே செய்யப்படும் பெரும்பாலான வேலைக்கும் இதுவே மூலமான எண்ணம். 1794-ஆம் ஆண்டு இலண்டன் மாசிகையொன்றிலே ஒரு செய்தி வெளிவந்தது. ஆங்கிலேயர் படையில் வண்டி மாடு ஓட்டிய கவாசஜி என்பவன் திப்பு சுல்தானின் ஆட்களிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் குலத்தவன் ஒருவன் நெற்றித் தோலைத் திருப்பி அவனுக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தான். ஐரோப்பிய வைத்தியர்கள் வியந்து அதனைக் கற்றுக் கொண்டார்கள். இக்கதையை மேடைகளிலே சொல்லிப் பெருமை கொள்வோர் பலர். நாம் ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்வோம்: கவாசஜிக்கு மூக்குக் கிடைத்தது, கை கிடைக்கவில்லை. கையின் வேலை மூக்கின் வேலையிலும் கடினமானது.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றதும் வாளி செய்யும் பிளாஸ்டிக்கை உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்று வாடியிலே பலர் நம்பினார்கள். அண்ணரும் அஞ்சினார். வனைதல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உள்ளே போவது அவரவர் உடம்பின் தோலும் சதையுமே.

இனி, நுனி போன விரலை வைத்தியர் என்ன செய்கின்றார்? முதலாவது வழி ஒன்றுமே செய்யாமல் விடுவது. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். காயம் ஏறக்குறைய ஒரு சதுர சென்ரிமீட்டருக்குள் இருந்து, எலும்பு வெளியே தெரியாதிருந்தால், சுத்தஞ்செய்து முறையாக மருந்துத் துணி கட்டி விட்டாலே சில வாரங்களிற் சதை தானாக ஊறி மூடிவிடும். குழந்தைகளில் இது அதிசயம் போல நடக்கும். இங்கிலாந்திலே ஷெபீல்ட் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில் சிந்தியா இல்லிங்வேர்த் என்னும் அம்மையார், கதவிடுக்கில் நுனியை இழந்த பிள்ளைகளின் விரலைத் தைத்து மூடாமல் விட்டு, அது நகத்தோடு திரும்ப வளர்வதைக் கண்டு 1974-இல் எழுதினார். வீட்டிலே பிள்ளையின் விரல் கதவில் நசுங்கினால் தாய்மார் அலறுவதைக் குறைத்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கொண்டு வைத்தியசாலைக்கு வருவது நன்று.

எலும்பு வெளியே தெரிந்தால் அது மூடப்பட வேண்டும். பழைய வழி, எலும்பை இன்னும் சிறிது வெட்டிக் குறைத்து, இருக்கும் தோலை இழுத்து மூடித் தைப்பது. விரல் குட்டையாகும், ஆனால் வேலை விரைவில் முடியும். மற்றைய வழி, பக்கத்திலிருந்து உயிருள்ள தோலையும் சதையையும் நகர்த்தி மூடுவது. நுனிக்கு நேர் கீழே வீ என்னும் ஆங்கில எழுத்துப் போல வெட்டி மேலே தள்ளி, விட்ட இடத்தை வை என்னும் எழுத்துப் போலத் தைக்கும் முறையை இத்தாலிய வைத்தியர் திராங்குவில்லி லியாலி 1935-இலும், அமெரிக்காவில் அத்தசோய் என்பார் 1970-இலும் வெளியிட்டார்கள். பக்கத்து விரலின் புறத்தோலைத் திறந்து, காயப்பட்ட விரலோடு இரண்டு மூன்று வாரம் சேர்த்துத் தைத்து வைத்துப் பிறகு பிரிப்பது இன்னொன்று. இதிலே தோல் கிடைக்கும், உணர்ச்சி குறைவாகவே கிடைக்கும். இரண்டு முறை சத்திரசிகிச்சைக்கும் படுக்கவேண்டும்.

அண்ணருக்குச் சுட்டுவிரல் சரிவாக, ஒரு பக்கம் கூடவும் மறு பக்கம் குறையவும் போயிருந்தது. நேராகத் தள்ளும் முறைகள் இதற்கு நன்றாகப் பொருந்தா. வைத்தியர் ஒரு கடதாசியின் பின்புறத்திலே விரலொன்றை வரைந்தார். விரலின் ஒரு பக்கத்தை ஒட்டி, காயத்திலிருந்து கீழ்நோக்கி நீண்டு ஒடுங்கும் சரிவான முக்கோணம் ஒன்றையும் வரைந்தார். அந்த முக்கோணத்தின் உள்ளே அப்பக்கத்து இரத்தக்குழாயும் நரம்பும் கிடக்கின்றன. அவற்றை அறுக்காமல், முக்கோணத்தை மட்டும் சுற்றிலுமிருந்து விடுவித்தால், கட்டவிழ்ந்த தோணி கயிற்றோடு முன்னே போவது போல அது குழாயோடும் நரம்போடும் முன்னேறி எலும்பை மூடிக்கொள்ளும். உணர்ச்சியும் கூடவே வரும். ஒரே தடவையில் வேலை முடியும். இதைச் சொல்லி முடித்துவிட்டு அந்தச் சிங்கள வைத்தியர் ஆங்கிலத்தில், "இது உங்கள் சென்னைக்காரர் ஒருவர் கண்ட முறை, தெரியுமா?" என்றார். எமக்குத் தெரியாது. வெட்கமாயிருந்தது.

பிறகு தேடிப் படித்தோம். சென்னைத் துறைமுகத்துக்கு அண்மையில், தொழிலாளர் நெருங்கி வாழும் வடசென்னையிலே ஸ்டான்லி அரசினர் வைத்தியசாலை இருக்கின்றது. அங்கே 1971-இல் கைக்கென்றே தனிச் சத்திரசிகிச்சைப் பிரிவை அமைத்தவர் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி. அவரும் டாக்டர் என். சுப்பிரமணியனும் இந்தச் சரிவு முக்கோண முறையை 1980-இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிலே வெளியிட்டார்கள். விரலுக்கும் பெருவிரலுக்கும் அது பொருந்தும் என்று காட்டினார்கள். 1988-இல் இங்கிலாந்து வைத்தியர்களான எவன்சும் மார்ட்டினும் அதனைப் படிக்கட்டுப் போல வெட்டும் வேறொரு வடிவமாக்கினார்கள். இன்றைக்கும் உலகெங்கும் விரற் சத்திரசிகிச்சை கற்பிக்கும் நூல்களிலே வெங்கடசுவாமி என்னும் பெயர் அம்முறைக்கு வழங்குகின்றது. இயந்திரத்தில் விரல் கொடுத்த ஏழைத் தொழிலாளர் வந்து நிற்கும் ஓர் இலவச வைத்தியசாலையில் இது பிறந்தது என்பதை நாம் பெரிதாக மதிக்கின்றோம். இங்கிருக்கும் முதியோர் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடி போய்ச் சென்னைக்கு ரயிலேறிய காலத்தைச் சொல்வார்கள். 1914-இல் தொடங்கிய அந்த வழி 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடியோடு அழிந்தது. கப்பலில்லாத கடலையும் ஒரு வைத்தியரின் கை வேலை கடந்து வந்து எம் அண்ணரின் விரலிலே அமர்ந்தது.

பெருவிரலைப் பற்றி ஒரு வார்த்தை. துரோணர் ஏகலைவனிடம் கேட்டது வேறெந்த விரலையுமன்று. கையின் தொழிலிலே ஏறக்குறையப் பாதி பெருவிரலுடையது என்பது சத்திரவைத்தியர் கணக்கு. துரோணரும் அக்கணக்கை அறிந்திருந்தார் போலும்! முற்றாக அறுந்த பெருவிரலை நுண்ணோக்கியின் கீழ்க் குழாயோடு குழாய் தைத்து முதன்முதல் உயிர்ப்பித்தவர்கள் யப்பானிலே நாரா நகரத்துக் கொமாற்சுவும் தமாயும்; ஆண்டு 1965. ஏகலைவனுக்கு அந்த வசதி இல்லை.

வேலூரையும் சொல்லாமல் விடுதல் நன்றியன்று. பாதிரிமார் பள்ளியிற் படித்தமையால் நாம் வேலூரைப் புகழ்கின்றோம் என்று எவரும் எண்ணற்க. கொல்லிமலையிலே 1914-இற் பிறந்த போல் பிராண்ட் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். குட்டநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் உலகம் நம்பியது. அவர் ஒவ்வொரு காயத்தையும் விசாரித்தார். நரம்பு கெட்டு நோவு தெரியாமையால் சுடுபாத்திரத்தைப் பிடிக்கின்றார்கள், திறப்பை வலிந்து திருகுகின்றார்கள். இரவிலே எலி விரலைக் கடிப்பதும் தெரியாமல் உறங்குகின்றார்கள் என்று கண்டார். நோயாளர்க்குப் பூனை கொடுத்து அனுப்பினாராம். மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் 1954-இல் விபத்தொன்றிலே இடுப்புக்குக் கீழ் அசைவிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே பிறர் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நோவு என்பதை நாம் சாபமாகக் கருதுகின்றோம். விரல் நுனியிலே நோவு இல்லாதவனுக்கு விரலே மிஞ்சுவதில்லை.

அண்ணரின் கதைக்கு வருவோம். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தையல் எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நாம் எண்ணினோம். அவருக்கு அப்போதுதான் தொடங்கிற்று. நுனியைச் சட்டை தொட்டாலும் மின்சாரம் அடித்தாற் போலிருக்கும். அரிசிப் பாத்திரத்திலும் பிறகு மணலிலும் விரலை அளைந்து பழக்கும்படி சொன்னார்கள். நாளுக்குப் பலமுறை, மாதக்கணக்காக. ஊரார் அதைக் கண்டு அவருக்குப் புத்தி பேதலித்தது என்று கதைத்தார்கள். எலும்பின் தாங்குதல் குறைந்தமையால் நகம் கிளியலகு போலச் சிறிது வளைந்து முளைத்திருக்கின்றது. எல்லாவற்றிலும் கொடியது குளிர். நுனி இழந்தோர் பலர்க்குக் குளிர் தாங்காத நிலை ஓரிரு ஆண்டு வரையிலும் இருக்குமாம். நாள் முழுதும் ஐஸுக்குள் கை வைக்கும் வாடி வேலைக்காரருக்கு அது எத்தகைய தண்டனை! மீன் பெட்டியை விட்டு அவர் இப்போது கணக்கும் வலையும் மட்டுமே பார்க்கின்றார். வருமானம் குறைந்துவிட்டது.

ஆகையால், எலும்பை வெட்டி மூடிவிடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் நான் கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்கும் தொழிலாளியை அறிவில்லாதவன் என்று நாம் சொல்லமாட்டோம். அவனுடைய வீட்டு அடுப்பு அவனுக்குத் தெரியும். எந்த விரல், எந்தக் கை, என்ன தொழில், எத்தனை நாள் பொறுக்கலாம் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்து அவனே முடிவு செய்யட்டும். எமது குறை யாதெனில், இரண்டு வழி உண்டென்பதையே அறியாமல் எம்மக்கள் கையொப்பமிடுகின்றார்கள். படித்த வாலிபர் ஒருவர் கூடப்போய் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேட்டால் அவர் கோபிக்க மாட்டார், எம்மிடம் கோபிக்கவில்லை.

வெடி வைத்து மீன் பிடிப்போர் கதையை நாம் எடுக்கவில்லை. அங்கே போவது நுனியன்று, கையே போகும். சட்டத்துக்கும் அது விரோதம். யுத்தத்திலே கண்ணிவெடிக்குக் கையும் காலும் கொடுத்தோர் இவ்வவையிலும் இருக்கின்றார்கள். அவர்கள் முன் விரல் நுனியைப் பேசுவது எமக்குக் கூச்சமாகவே இருக்கின்றது. அவர்கள் பொறுத்தருள்க.

வாடிகளிலே காயத்துக்குத் தேயிலைத் தூளும் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் இன்னும் போடுகின்றார்கள். பெரியோர் வழக்கம் என்று நாம் வாய் மூடியிருக்கலாகாது. ஓடும் தண்ணீரிலே கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தாற் போதும். மண்ணிற் பட்ட காயமாதலால் ஏற்புவலி ஊசியை மறக்கலாகாது. கயிறு பிடிக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்தல் வேண்டும். கயிற்றிலோ ஆணியிலோ மோதிரம் மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். கலியாண மோதிரத்தைக் கழற்றலாமா என்று அண்ணியார் ஒருவர் எம்மைக் கேட்டார். கழுத்துச் சங்கிலியிற் கோத்துக் கொள்ளச் சொன்னோம்.

இச்சங்கத்தின் வாலிபர்களிடம் ஒன்று கேட்கின்றோம். பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு, பள்ளிமுனை, வங்காலை என்று வாடி உள்ள இடமெல்லாம், எம்மதத்தவர் வாடியென்று பாராமல், ஒரு தகரப் பெட்டி வைப்போம். சுத்தமான துணி நாலு, வாய் கட்டும் பிளாஸ்டிக் பைகள் சில, ஒரு போத்தல் சுத்தநீர், பெரிய எழுத்திலே மூன்று வரி எழுதிய ஒரு அட்டை. செலவு ஒரு பெட்டி மீனின் விலைக்கும் வராது. ஐஸ் அங்கேயே உண்டு.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுகின்றார்கள். மண்டபத்தின் வலப்புறத்து மேசையிலே பத்து வெண்டிக்காயும் துணியும் பைகளும் ஒரு வாளி ஐஸும் வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் வெண்டிக்காயை நுனியோடு நறுக்கி, எவ்வாறு சுற்றுவது, எவ்வாறு கட்டுவது என்று ஒவ்வொருவரும் தம் கையாற் செய்து பார்க்கலாம். அண்ணரும் வந்திருக்கின்றார், அவர்தாம் காட்டித் தருவார். பெரியோர்களும் வரலாம்.